என் தங்கச்சி தைத்த மிலிட்டரிச் சட்டை

1

"எந்த நாட்டு ராணுவம்?" என்று கேட்டார் போனில் பேசிய சுங்க அலுவலகத்து அம்மா.

பின்லாந்தில் அரசாங்கம் யாரையும் அப்படிச் சட்டென்று போனில் கூப்பிடாது. எல்லாம் இணையத்தில்தான். அவர்களே கூப்பிடுகிறார்கள் என்றால் நாம் ஏதோ பெரிதாகச் செய்துவைத்திருக்கிறோம் என்று அர்த்தம். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னேன்:

"ராணுவம் இல்லைங்க. என் தங்கச்சி."

"உங்கள் தங்கை ராணுவத்தில் இருக்கிறாரா?"

"இல்லைங்க. பீங்கான் கம்பெனியில் இருக்கிறாள்."

அந்த அம்மா மெதுவாக, குழந்தையிடம் கேட்பதுபோல், "பீங்கான் கம்பெனிக்கு ராணுவச் சீருடையா?" என்றார்.

நடந்தது இதுதான். விருத்தாசலத்திலிருந்து என் தங்கை சுமதி ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குகிறவர் இணையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். சுமதி போனில் சொன்னது "மிலிட்டரி சட்டைக்கா." நான் அதை அப்படியே அவர்கள் மொழிக்கு மாற்றினேன். சிப்பாய்க்கு ஸோதிலாஸ், உடுப்புக்குப் புக்கு. இரண்டையும் ஒட்டி ஸோதிலாஸ்புக்கு என்று எழுதி அனுப்பிவிட்டேன். என் பின்னிஷ் புத்தகம் பார்த்துப் படித்தது இல்லை. பஸ்ஸிலும் சமையலறையிலும் காதில் விழுந்ததைப் பொறுக்கிச் சேர்த்தது. அதில் இப்படி அவ்வப்போது ராணுவம் புகுந்துவிடும்.

பச்சையும் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்குமே, அந்தத் துணிதான். நம்ம ஊரில் மிலிட்டரி லுங்கி, மிலிட்டரி நைட்டி, மிலிட்டரி ஸ்கூல் பை எல்லாம் இருக்கிறது. யார் ராணுவத்தை நினைத்துக்கொண்டு நைட்டி வாங்குகிறார்கள்? சாயங்காலம் என் மகள் கயலிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "அதுக்குப் பேர் மாஸ்தோ அம்மா" என்றாள். மாஸ்தோ என்றால் காடுமேடு. யோசித்துப் பார்த்தேன். நாம் அந்தத் துணிக்கு, அதைப் போடுகிற ஆளை வைத்துப் பெயர் வைத்திருக்கிறோம். இவர்கள் அது ஒளிந்துகொள்கிற இடத்தை வைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பார்சல் கடைசியில் வந்து சேர்ந்தது. பிரித்தால் ஒரே ஒரு சட்டை. ஜாக்கெட் மாதிரி, இரண்டு பக்கமும் பை வைத்து, காலர் தூக்கி, கயலின் அளவுக்கு. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. சுமதிக்கு வீடியோ போன் போட்டால், அதே சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரே நிற்கிறாள்.

"ஒரே பீஸ்ல வெட்டுனதுக்கா. எனக்கு ஒண்ணு, கயலுக்கு ஒண்ணு. ஆடித் தள்ளுபடில எடுத்தன்."

"எனக்கு?"

"துணி பத்தலக்கா."

எனக்குப் பொறாமை அன்றைக்குத் தொடங்கியது என்று சொன்னால் அது பொய். அன்றைக்குத்தான் அதற்குக் கையும் காலரும் முளைத்தன.

2

சுமதி எனக்கு இளையவள். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் வேலை. பீங்கான் மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றி எடுக்கிற வேலை. சாயங்காலம் வீட்டில் தையல். அவள் வீட்டுக்காரர் ஏழுமலை, கரும்புச் சீசனில் டிராக்டரில் பெண்ணாடம் மில்லுக்கு லோடு அடிப்பார். மற்ற நாளில் எரு, மண், எது கிடைத்தாலும். பிள்ளை குட்டி இல்லை. அதற்காக அவள் வருந்தி நான் பார்த்ததில்லை. பிறகு ஏன் என் பிள்ளை என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

போன வருஷ லீவில் கயலை அவளிடம் விட்டுவிட்டு நானும் வீட்டுக்காரரும் அவருடைய சொந்தக்காரர்கள் வீடுகளுக்குச் சுற்றிக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால், இங்கே என் கேள்விக்கு "யோ யோ" என்று இரண்டே எழுத்தில் பதில் சொல்கிற பெண் (சரி சரி என்று அர்த்தம், விடு என்றும் அர்த்தம்), அங்கே சுமதியின் மொபெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, "சித்தி, வூட்டுக்குப் போற வழியில பரோட்டா வாங்கிக்கலாம், சித்தப்பாவுக்கும் சேத்து" என்கிறாள். வூடு! நான் பத்து வருஷமாக வீடு வீடு என்று சொல்லிக்கொடுத்து வாயில் நுழையாதது, அவளிடம் ஒரு மாதத்தில் வூடாகிவிட்டது. அன்றிலிருந்து தமிழ் என்றால் கயலுக்கு அது சித்தியோடு பேசுகிற மொழி. என்னோடு பேசக் காசு கொடுத்தாலும் வராது. நான் தமிழில் கேட்பேன், அவள் பின்னிஷில் சொல்வாள். போனில் சித்தி வந்தால் மட்டும் மடைதிறந்து ஓடும். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன், என் சொந்த ஊர்ப் பேச்சை அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி.

சட்டைக்கு வருகிறேன். சுமதி அதை ஆசைக்காக மட்டும் தைக்கவில்லை. அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. யூனிட்டில் வேலை முடிந்து இருட்டுகிற நேரத்தில் மொபெட்டில் வருவாள். வழியில் ஒரு திருப்பத்தில் ஒயின்ஷாப். அங்கே நிற்கிறவர்கள் போகிற வருகிற பெண்களை ஏதாவது சொல்வார்கள். புடவைக்கு மேல் இந்தச் சட்டையைப் போட ஆரம்பித்த பிறகு ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லையாம்.

"போலீஸா, மிலிட்டரியான்னு தெரியாம முழிக்கிறானுங்கக்கா. பாலக்கரைல பஸ்ஸுல ஏறுனா, உக்காருங்க மேடம்ங்கறான் கண்டக்டரு. யூனிட்டுல மண்ணு பட்டாலும் தெரியல. அதையும் ஒரு புள்ளின்னு நெனச்சுக்கறாங்க."

"அதான் கயலுக்கும் ஒண்ணா?"

"தனியா போவுது வருது பொண்ணு. நீயும் வேலைக்குப் போயிடற. இதப் போட்டுக்கிட்டா எவனும் கிட்ட வரமாட்டான்."

நீயும் வேலைக்குப் போயிடற. கவனித்தீர்களா? பஞ்சில் சுற்றிக் கொடுத்த ஊசி. இந்த ஊரில் பதின்மூன்று வயசுப் பெண் தனியாகப் பள்ளிக்கூடம் போவாள், வருவாள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று விளக்கினேன். "அதெல்லாம் நீ சொல்லுவ" என்றாள்.

3

நான் வந்த முதல் குளிர்காலத்தில் ஒன்று பார்த்து ஆச்சரியப்பட்டேன். இங்கே எல்லார் கோட்டிலும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பொம்மை தொங்கும். ஆந்தை, முயல், பூ, ஏதாவது ஒன்று. திருஷ்டிக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எலுமிச்சம்பழம் மிளகாய் மாதிரி. பிறகுதான் தெரிந்தது, அது வெளிச்சம் பட்டால் மின்னுகிற சாமான். குளிர்காலத்தில் இங்கே காலை என்பதும் இருட்டு, சாயங்காலம் என்பதும் இருட்டு. நடந்து போகிறவர் கார்க்காரர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அதைத் தொங்கவிடுகிறார்கள். யோசித்தால் அதுவும் ஒருவகையில் திருஷ்டிக்குத்தான். நம்ம ஊரில் கண் படக்கூடாது என்று கட்டுகிறோம், இங்கே கண் பட வேண்டும் என்று.

இன்னொன்று, மின்னும் பட்டை வைத்த ஆரஞ்சு நிறக் கையில்லாத மேல்சட்டை. பள்ளிக்கூடக் குழந்தைகள் வரிசையாகப் போனால் எல்லோரும் அதைப் போட்டிருப்பார்கள். அதற்குப் பெயர் ஹுவொமியொலீவி. ஹுவொமியொ என்றால் கவனம். கவனச் சட்டை. எனக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை. அதைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்குள் நடந்தால் என் மகள் என்னைக் கவனிப்பாளா என்று ஒருநாள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "போட்டுப் பாரேன்" என்றார். அவருக்கு எல்லாம் வேடிக்கை.

இலை பழுக்கிற மாதத்தில் இங்கே ஹிர்வி வேட்டை தொடங்கும். ஹிர்வி என்பது மான் ஜாதி, ஆனால் நம்ம ஊர் எருமையை விடப் பெரிது. அரசாங்கமே அனுமதி கொடுத்துச் சுடச் சொல்கிற வேட்டை. வேட்டைக்காரர்கள் தலையில் ஆரஞ்சுத் தொப்பி, உடம்பில் ஆரஞ்சுச் சட்டை போட்டிருப்பார்கள். ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளாமல் இருப்பதற்காக. அதே மாதத்தில்தான் காட்டில் சிவப்புப் பழமும் பழுக்கிறது. புதர் மாதிரி, முழங்காலுக்குக் கீழே. யார் வேண்டுமானாலும் போய்ப் பறித்துக்கொள்ளலாம், கேட்பாரில்லை. ஆக, ஒரே காட்டில் ஒரு பக்கம் துப்பாக்கி, ஒரு பக்கம் பக்கெட்.

4

அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை. என்னோடு சமையலறையில் வேலை செய்யும் அன்னேலி, நல்ல மனுஷி, எங்களைப் பழம் பறிக்கத் தன் காரில் கூட்டிப்போனார். கயல் சித்தி சட்டையில் இறங்கினாள். அன்னேலி பார்த்தவுடனே, "இது மாஸ்தோ ஆயிற்றே. காட்டுக்குள் இதை இப்போது போடக் கூடாது" என்று காரிலிருந்து ஒரு கவனச் சட்டையை எடுத்து நீட்டினார். கயல் வாங்கிக்கொண்டாள். போட்டுக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். காரின் பின்சீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் பறித்தோம். காட்டுக்குள் பாசி மெத்தை மாதிரி இருக்கும், காலடி கேட்காது. குனிந்து பறிக்கிற ஆசையில் கொஞ்ச நேரம் போனது தெரியவில்லை. நிமிர்ந்தால் கயல் இல்லை.

"கயல்!"

மரம், பாசி, பழுத்த இலை, கறுத்த அடிமரம். எல்லாம் அவள் சட்டை மாதிரியே இருக்கிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் கயல் மாதிரி இருக்கிறது, எதுவும் கயல் இல்லை. தூரத்தில் ஒரு நாய் குரைத்தது. பிறகு இன்னும் தூரத்தில் டப்பென்று ஒரு சத்தம். அன்னேலி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது மலைக்கு அந்தப் பக்கம்" என்றார். என் காதில் அது அந்தப் பக்கமாக இல்லை. நெஞ்சுக்குள் கேட்டது.

நான் தமிழில் கத்தினேன், பின்னிஷில் கத்தினேன். அழுகை வந்துவிட்டது. அப்போது மரங்களுக்கு நடுவிலிருந்து ஆரஞ்சுத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் வந்தார். துப்பாக்கியைத் தோளில் கீழ்நோக்கி மாட்டியிருந்தார். அவர் எங்கேயோ இருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டார். என் பெண்ணைத்தான் தெரியவில்லை.

"பெண்ணைத் தேடுகிறீர்களா?" என்று கேட்டு, கையை நீட்டிக் காட்டினார்.

கூப்பிடு தூரம்கூட இல்லை. என்னிடமிருந்து ஒரு புடவை நீளம் இருக்கும். புதருக்குள் குந்தியபடி, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு பழம் பறித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டியே இரண்டு தடவை போயிருக்கிறேன்.

பெரியவர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "ரொம்ப நேரமாக அந்த மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் தெரியவில்லை. வெள்ளை பக்கெட் மட்டும் தானாக நகர்ந்தது. பக்கெட் தானாக நகராது இல்லையா, அதனால் இறங்கி வந்தேன்."

திட்டவில்லை. தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். பக்கெட் பச்சையாக இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை. கயல் காதிலிருந்ததைக் கழற்றி, "என்னம்மா?" என்றாள்.

5

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னது ஒன்றே ஒன்று. இனி அந்தச் சட்டைக்கு மேல் கவனச் சட்டை போடாமல் வாசலைத் தாண்டக் கூடாது. காட்டுக்கு மட்டும் இல்லை, பள்ளிக்கூடத்துக்கும்தான். இன்னும் கொஞ்ச நாளில் காலை இருட்டாகிவிடும். அவள் நடக்கிற சாலையில் மரம் ஏற்றிய லாரிகள் போகும்.

"அது சின்னப் பிள்ளைங்க போடறது" என்றாள் பின்னிஷில். "எல்லாரும் சிரிப்பாங்க. சித்தி தெச்சதே தெரியாது."

"சித்தி தெச்சது தெரியணுமா, நீ தெரியணுமா?"

"உனக்குச் சித்தியப் பிடிக்கல. அதான் உன் பிரச்சினை. சட்டை இல்ல."

அவள் சொன்னதில் பாதி உண்மை. சட்டை ஆபத்து என்பதும் உண்மை, அது சுமதி தைத்தது என்பதால் என் குரல் ஒரு படி கூடுதலாக ஏறியதும் உண்மை. ஒரே வாயில் இரண்டும் வந்தால், பிள்ளைக்குக் கேட்பது இரண்டாவது மட்டும்தான். ஒரு வாரம் சொல்லிப் பார்த்தேன். கதவருகில் கொண்டுபோய் மாட்டினேன். பையில் திணித்தேன். மடித்தது மடித்தபடி திரும்பி வந்தது. அவருடைய பங்குக்கு வீட்டுக்காரரும் சொன்னார். அவருக்கும் அதே "யோ யோ"தான்.

யார் சொன்னால் கேட்பாள் என்று எனக்கு முதல் நாளே தெரியும். அந்தப் போனைப் போடத்தான் ஒரு வாரம் ஆனது. நினைத்துப் பாருங்கள். பெற்றவள் நான். என் பெண்ணின் உயிருக்குப் பயந்து, என் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லு என்று, எவள் மேல் வயிறு எரிகிறதோ அவளிடமே போய்க் கேட்க வேண்டும். எத்தனையோ பேருக்கு எத்தனையோ பொறாமை இருக்கும். இப்படிக் கை நீட்டிக் கேட்கிற பொறாமை யாருக்கும் வேண்டாம்.

6

அடுத்த சனிக்கிழமை, எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், அவளுக்குச் சாயங்கால டீ. போட்டேன். காட்டில் நடந்ததை முழுசாகச் சொன்னேன்.

"என்னாக்கா, நான் தெச்சத கொற சொல்லத்தான் போன் பண்ணியா?"

"நீ தெச்சதுல கொற இல்ல சுமதி. துணியிலதான்."

"நல்ல துணிக்கா. எத்தன தடவ தொவச்சேன், சாயமே போவல."

"சாயம் போனா தேவலையேடி. அதப் போட்டா ஆளே தெரியல."

"தெரியலையா? இங்க ஊரே திரும்பிப் பாக்குது. ஒனக்கு மட்டும் தெரியலன்னா கண்ணாடி மாத்துக்கா."

முகம் வாடிவிட்டது அவளுக்கு. ஆசையாகச் செய்ததை ஆபத்து என்றால் யாருக்கும் வாடும். எனக்கு அதில் ஒரு துளி சந்தோஷம் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் காரியம் ஆக வேண்டுமே. யோசித்துச் சொன்னேன்:

"ஒண்ணு செய். உன் சட்டயப் போட்டுக்கிட்டு கொல்லையில முந்திரி மரத்துக்கு அடியில போயி, சருகு அள்ளுற மாதிரி குந்து. ஏழுமலை தம்பிய போனப் புடிச்சு தூரத்துல நிக்கச் சொல்லு."

"எதுக்குக்கா, சினிமா எடுக்கறியா?" என்றாள். ஆனாலும் போனாள். அவளுக்கு எதையும் செய்து பார்த்துவிட வேண்டும்.

சித்தியின் குரல் கேட்டதும் கயலின் அறைக்கதவு திறந்தது. வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். நான் கூப்பிட்டால் திறக்காத கதவு.

முந்திரி மரம் தெரியும் உங்களுக்கு. கிளை தரையைத் தொடுகிற மாதிரி படரும், அடியில் காய்ந்த இலை குவிந்து கிடக்கும். ஏழுமலை வீட்டுப் பின்வாசலில் நின்று போனைத் திருப்பினார். பச்சை, பழுப்பு, நிழல். ஆள் இல்லை.

"தோ இருக்காக்கா, அந்தக் கெளைக்குப் பக்கத்துல" என்றார். கொஞ்சம் கழித்து, "இல்ல, அதுவே கெளைதான். ஏய் சுமதி! இருக்கியா?"

"இங்கதான இருக்கன்!" என்று வேறு ஒரு பக்கத்திலிருந்து குரல் வந்தது.

கயல் சிரித்தாள். "சித்தி, கைய ஆட்டு!"

"ஆட்டிக்கிட்டுதான்டி இருக்கன்!"

போனில் ஒன்றும் அசையவில்லை. கயலின் சிரிப்பு நின்றது. என் தோளில் இருந்த அவள் கை மட்டும் கொஞ்சம் இறுகியது. ஏழுமலையும் சிரிக்கவில்லை. போனைப் பிடித்தபடியே மரத்தை நோக்கி நடந்தார். கிட்டே போனபிறகுதான் சுமதியின் முகம் தெரிந்தது.

"ஏன்டி, நேத்து எரு கொட்ட டிரெய்லர ரிவர்ஸ் எடுத்தப்ப, பின்னால இந்த மரத்தோரம்தான நின்னுக்கிட்டு வா வான்ன?"

"ஆமா. அதுக்கென்ன?"

"இந்தச் சட்டதான?"

"ஆமாங்கறன்."

"கண்ணாடில உன் சத்தத்ததான்டி பாத்தன். உன்னப் பாக்கவே இல்ல."

சுமதி சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து பார்த்தாள், அதில் யார் இருக்கிறார் என்று பார்ப்பதுபோல.

பிறகு போனை வாங்கினாள். "கயலு."

"என்ன சித்தி."

"அம்மா குடுக்கறாங்களே ஆரஞ்சு, அதப் போடுறியா?"

"அது நல்லா இல்ல சித்தி."

"நல்லா இல்லதான். பாதி மிலிட்டரி, பாதி சாமியாரு மாதிரி இருப்ப. இருந்துட்டுப் போ. நானும் நாளைக்கு ஒரு காவித் துண்டத் தோள்ல போட்டுக்கிட்டுதான் வண்டிக்குப் பின்னால நிக்கப்போறன். ரெண்டு பேரும் சாமியாராயிடுவோம். மாட்டன்னா என் சட்டயக் கழட்டித் திருப்பி அனுப்பிச்சுரு. என்ன சொல்ற?"

"சரி சித்தி."

சரி சித்தி! ஒரு வாரம் நான் மன்றாடியது இரண்டு வார்த்தையில் முடிந்தது. காரியம் ஆனதில் எனக்கு உட்கார்ந்து அழ வேண்டும் போல நிம்மதி. அதே நேரத்தில் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. கயல் உள்ளே போனபிறகு சுமதி கேட்டாள்:

"ஏன்க்கா, நீ சொன்னா கேக்க மாட்டாளா?"

"கேட்டா உனக்கு ஏன்டி போன் போடறன்?"

ஜெயித்த சந்தோஷம் அவள் முகத்தில் இருக்கிறதா என்று நன்றாகத் தேடினேன். இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "ஒனக்கும் ஒரு பீஸ் எடுத்துட்டு வரட்டுமாக்கா? ஆரஞ்சுலயே எடுக்கறன்" என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வேண்டும்.

7

இப்போது இங்கே குளிர் இறங்கிவிட்டது. காலையில் நான் சமையலறைக்கு வரும்போது வெளியே விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கஞ்சி கொதிக்கிற நேரத்தில் ஜன்னலண்டை நின்றால் தூரத்துச் சாலை தெரியும். கயல் பள்ளிக்கூடம் போகிற சாலை.

முன்பெல்லாம் அந்த இருட்டில் போகிற பிள்ளைகளில் எது என் பிள்ளை என்று தெரியாது. இப்போது தெரிகிறது. ஸ்வெட்டருக்கு மேல் சித்தி சட்டை, சித்தி சட்டைக்கு மேல் ஆரஞ்சு. அவள் வயசுப் பிள்ளைகளில் அவள் ஒருத்திதான் அதைப் போடுகிறாள். யாராவது சிரித்தால், எங்க சித்தி போடச் சொன்னாங்க என்கிறாளாம். அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிற அன்னேலியின் பேத்தி வந்து சொன்னாள். எங்க அம்மா என்று ஒரு நாளாவது சொன்னாளா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

நேற்று காலை ஒரு மர லாரி அந்தச் சாலையில் வந்தது. விளக்கு அவள் மேல் பட்டதும் பட்டைகள் பளீரென்று மின்னின. லாரி தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து நின்றது. அவள் நிதானமாகக் குறுக்கே கடந்தாள். அந்த ஓட்டுநர் யாரோ, அவருக்கு என் பெண் தெரிந்தாள்.

கடந்து முடித்ததும் அவள் நின்று திரும்பினாள். கையைத் தூக்கி ஆட்டினாள். நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். இத்தனை வருஷத்தில் பள்ளிக்கூடம் போகும்போது அவள் எனக்குக் கையாட்டியதே இல்லை. கஞ்சி அடிப்பிடித்தால் பிடிக்கட்டும் என்று ஆட்டினேன்.

பிறகுதான் பார்த்தேன். அவளுடைய இன்னொரு கையில் போன். முகத்துக்கு நேரே பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். விருத்தாசலத்தில் அப்போது மத்தியானம், சித்தியின் யூனிட்டில் சாப்பாட்டு இடைவேளை.

அவ்வளவு தூரத்தில், அந்த இருட்டில், அது எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்கிறீர்கள்! ஆரஞ்சு இல்லாவிட்டால் தெரிந்திருக்காது.